மலைச்சரிவில் சின்னதாக ஒரு வீடு: முதல்முறை கட்டப்போகிறவர்களுக்கு

முதலில் ஒரு வேண்டுகோள். செல்போனில் சேமித்து வைத்திருக்கும் அந்த முக்கோண வீட்டுப் படங்களைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். தரையைத் தொடும் கூரை, முகப்பு முழுக்கக் கண்ணாடி, சுற்றிலும் பைன் மரம். பார்க்க அழகுதான். ஏ-ஃபிரேம் எனப்படும் அந்த வடிவம் பனி கொட்டும் ஊர்களுக்கு நன்றாகப் பொருந்தும்; கூரையில் பனி குவியாமல் சரிந்து விழ அவ்வளவு செங்குத்தான சரிவு உதவும். நம் மலைகளில் அப்படிப் பனி கொட்டுவதில்லை. நமக்கு வாய்த்தவை சாய்ந்தடிக்கும் மழை, நாள்கணக்கில் நிற்கும் மூடுபனி, இரண்டும் சேர்ந்து சுவரிலும் துணியிலும் ஏறும் ஓதம். ஈரத்தை ஜெயித்த வீடுதான் மலையில் நிற்கும். மற்றதெல்லாம் அப்புறம்.

கொடைக்கானல் கீழ்மலையை மனதில் வைத்து, அவ்வப்போது வந்து தங்கும் வீட்டுக்காக இதை எழுதுகிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உள்ள காப்பித் தோட்டப் பகுதி. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் இதில் பெரும்பகுதி ஒத்துவரும். கொடைக்கானல் நகரமும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவை. அங்கே குளிர்க்கணக்கு வேறு. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். திண்டுக்கல்லில் 38 டிகிரி கொளுத்தும் நாளில் தாண்டிக்குடியில் 31, 32 என்று இருக்கலாம். ஆகவே கீழ்மலையில் ஏசியும் வேண்டாம், கணப்பு அடுப்பும் வேண்டாம். புகைபோக்கிக்கு ஒதுக்கிய பணத்தை வடிகாலில் போடுங்கள்.

காகிதம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் தாண்டிப் போக முடியாது. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்), நிபந்தனைப் பட்டாவா என்று தனியாகக் கேளுங்கள்; ஆமென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கொடைக்கானல் வட்டத்தில் கட்டுவதற்கு மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் பொருந்தும். பேச்சு வழக்கில் 'ஹாகா' என்பார்கள். ஊராட்சியில் வரைபடம் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வனத்துறை, வேளாண் பொறியியல், கனிம வளம் போன்ற துறைகளின் கருத்தும் கேட்கப்படும். பொக்லைன் இறக்குவதற்கும் போர்வெல் போடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சொந்த நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு முன் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று உள்ளூரில் சமீபத்தில் அனுமதி வாங்கியவரிடம் விசாரியுங்கள். அந்த மாதங்கள் வீணில்லை. அடுத்து சொல்லப்போகும் வேலைக்கு அவை தேவைப்படும்.

மழையில் மனையைப் பாருங்கள்

மனை விற்பவர்கள் உங்களை பிப்ரவரியில் கூட்டிப்போவார்கள். வானம் நீலமாக இருக்கும், மண் உலர்ந்திருக்கும், காப்பிச் செடி பூக்கத் தயாராக இருக்கும். எந்த மனையும் அப்போது நல்ல மனைதான். இந்தப் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு வரும். கோடையிலும் இடியோடு சில மழை உண்டு. அந்த நாட்களில் குடையை விட்டுவிட்டு ரெயின்கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டு நிலத்தைச் சுற்றுங்கள். அட்டை ஏறும், உப்போ மூக்குப்பொடியோ கையில் இருக்கட்டும்.

தண்ணீர் எந்த வழியாக நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் சின்னப் பள்ளம் மழையில் ஓடையாக இருக்கும். அதன்மேல் வீடு கட்டக்கூடாது, அதை மூடவும் கூடாது, திருப்பிவிடவும் கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியை மண்ணும் பாறையும் கலந்த வெள்ளம் ஆற்றுவழியே வந்து அடித்துப்போனது. ஓடைக்குப் பக்கத்தில் வீடு என்ற விளம்பர வரியைப் படிக்கும்போது இவை நினைவுக்கு வரட்டும்.

மண் நகர்கிறதா என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பம், சரிவுக்குக் குறுக்காகப் பிறைபோல ஓடும் வெடிப்பு, மழை நின்று வாரமாகியும் கசிந்துகொண்டே இருக்கும் ஒரு கோடு. இவற்றில் இரண்டு சேர்ந்தால் அந்த இடத்தில் தோட்டம் போடுங்கள், வீடு வேண்டாம்.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்; தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். மேட்டில் ஒருவர், அங்கிருந்து பத்தடி தள்ளிக் கீழ்ப்பக்கம் ஒருவர் குச்சியோடு நின்றால் எவ்வளவு இறக்கம் என்று தெரிந்துவிடும். பத்தடிக்கு ஓரடி என்றால் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். இரண்டிலிருந்து நாலடி வரை கால் ஊன்றிக் கட்டலாம். ஐந்தடியைத் தாண்டினால் பொறியாளர் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். முடிந்தால் அந்த மூலையை விட்டு வேறு மூலைக்குப் போங்கள்.

அப்புறம் வெயில். இங்கே நிறையப் பேர் வாஸ்து பார்ப்பார்கள், சூரியனைப் பார்க்க மாட்டார்கள். கொடைக்கானல் மலை வடக்கு அட்சரேகை 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூனில் கொஞ்சம் வடக்கே சாயும். வெயில் நமக்கு வேண்டியிருக்கும் மார்கழியில் தெற்கே சாய்ந்து, நண்பகலில்கூட 56 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். ஆக, குளிர்காலத்து வெயில் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிடைக்கும். மதியத்துக்கு மேல் மலையில் மூடுபனி ஏறிவிடும் நாட்கள் அதிகம் என்பதால் மேற்கு வெயிலை நம்ப முடியாது. காலை எட்டு மணிக்கு வெயில் விழும் இடத்தில் படுக்கையறை ஜன்னல் இருந்தால் போர்வையும் மெத்தையும் காயும், வீட்டில் பாதி ஓதம் அதோடு போகும். எதிர்மலை காலை வெயிலை மறைக்கிறதா என்று டிசம்பரில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

மரங்களில் சில்வர் ஓக்கைக் கவனியுங்கள். காப்பிக்கு நிழலாக வரிசையாக நட்டிருப்பார்கள். நெடுநெடுவென்று வளரும், காற்றில் கிளை முறியும். ஒரு மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி வீடு இருந்தால் நிம்மதி. முடியாவிட்டால் முறையாக அனுமதி வாங்கிக் கிளையைக் கழித்துவிடுங்கள்.

எங்கே உட்கார வைப்பது

எல்லோரும் முதலில் கைகாட்டுவது மனையின் உச்சிமேட்டை. காட்சி அங்கேதான் நன்றாக இருக்கும். காற்றும் இடியும் அங்கேதான் முதலில் வரும். நீலகிரியின் தோடர் பழங்குடியினர் தங்கள் மரபுவீட்டை உச்சியில் கட்டுவதில்லை. சோலையும் நீரோடையும் அருகில் இருக்கும் புல்சரிவில், சிறிய வளைகூரை வீடு. மூன்றடி உயரத்துக்குத்தான் கதவு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். சிறிய உள்வெளி என்பதால் ஒரு அடுப்பிலேயே கதகதப்பாகிவிடும். அந்த வடிவத்தை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை, உச்சியை விட்டுச் சற்றே இறங்கி அமரும் புத்தியை எடுத்துக்கொள்ளலாம். காட்சிக்கு நல்ல இடத்தில் ஒரு கல் திண்டு போட்டுவிடுங்கள். நடந்து போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

வீட்டின் நீளம் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மேலிருந்து கீழாக நீட்டினால் ஒரு முனையில் மலையைக் குடைவீர்கள், மறு முனையில் பத்தடி தூண் நிற்கும்.

பலர் செய்வது இது: மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமதளமாக்கி, அதன்மேல் சமவெளி வீட்டைத் தூக்கி வைப்பது. வெட்டிய பக்கத்து மண் கெட்டி. கொட்டிய பக்கம் இரண்டு மழையில் இறங்கும். வீடு நடுவில் வெடிக்கும். வெட்டிய சுவரைத் தாங்கக் கட்டும் தாங்குசுவர் வீட்டைவிடச் செலவு வைக்கும். சின்ன வீட்டுக்கு இந்தக் கூத்து தேவையே இல்லை. மண்ணை அப்படியே விட்டுவிட்டு, கெட்டி மண் வரை குழி தோண்டி, குட்டையான கான்கிரீட் அல்லது கருங்கல் கால்கள் நிறுத்தி, அவற்றின்மேல் வீட்டை வைத்துவிடலாம். தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும், காற்று புழங்கித் தரை காய்ந்திருக்கும், கறையான் ஏறினால் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் முடிந்த கண்டலம ஹோட்டல் ஒரு பெரிய மாளிகை. அதுகூட பாறைச் சரிவை ஒட்டித் தூண்கள்மேல் நிற்கிறது, மழைநீர் அதன் அடியில் ஓடி ஏரிப்பக்கம் இறங்குகிறது. 300 சதுர அடி வீட்டுக்கு இது இன்னும் எளிது.

வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது இரண்டடி இடைவெளி விடுங்கள், ஆள் புகுந்து பார்க்கும் அளவுக்கு. எந்தச் சுவரும் மண்ணில் புதையக்கூடாது. மேல்பக்கத்து மண்மேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நாலடி நடைவழி இருக்கட்டும்.

வீட்டுக்கு மேலே எட்டு, பத்தடி தள்ளி, பிறை வடிவில் ஒரு வடிகால் வெட்டுங்கள். மலையிலிருந்து வரும் தண்ணீரை அது இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும். இரண்டு நுனியிலும் தண்ணீர் விழும் இடத்தில் கருங்கல் பரப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே அரித்துப் புதுப் பள்ளம் உண்டாகும். பக்கத்துத் தோட்டக்காரர் நிலத்தில் கொண்டுபோய் விடுவது முறையும் இல்லை, சுமுகமும் இல்லை. வடிகால் ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் ஆழமாக வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும். கட்டடத்தில் முதல் வேலை இந்த வடிகால்தான். அஸ்திவாரத்துக்கும் முன்னால்.

எவ்வளவு பெரிசு, எப்படிப் பிரிப்பது

இருவர் தங்க, எப்போதாவது நால்வர் தங்க, 300 சதுர அடி தாராளம். உதாரணத்துக்கு, தெற்கே இறங்கும் ஒரு சரிவில் 26 அடி நீளம், 12 அடி அகலம் வைத்துக்கொள்வோம். மொத்தம் 312 சதுர அடி. கிழக்கு முனையில் பத்தடி படுக்கை. நடுவில் பத்தடி உட்காரவும் சமைக்கவும்; சமையல் மேடை மேல்பக்கத்துச் சுவரை ஒட்டி. மேற்கு முனையில் ஆறடி குளியலறை, கழிப்பறை, சாமான் அலமாரி. தண்ணீர் புழங்கும் இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழாய் நீளம் குறையும், ஒழுகினால் தேடும் வேலையும் குறையும்.

தெற்குப் பக்கம், நடு அறைக்கும் குளியலறைக்கும் முன்னால் 16 அடி நீளத்துக்கு ஏழடி அகலத் தாழ்வாரம். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலைவீட்டில் பகலெல்லாம் புழங்குவது தாழ்வாரத்தில்தான்: நனைந்த செருப்பு, ரெயின்கோட், விறகு, காப்பி டம்ளர் எல்லாம் அங்கேதான். மழை பெய்யும்போது வெளியே உட்கார முடியாத மலைவீட்டுக்கு எதற்கு மலை?

தாழ்வாரத்தைப் படுக்கையறைக்கு முன்னால் நீட்டாததற்குக் காரணம் உண்டு. ஏழடி ஆழத் தாழ்வாரத்துக்குள் மார்கழி நண்பகல் வெயில்கூட ஐந்தடிக்கு மேல் நுழையாது, அறையைத் தொடவே தொடாது. படுக்கையறைத் தெற்கு ஜன்னலுக்கு மேலே இரண்டரை அடி நீட்டிய கூரை மட்டும் இருந்தால் கணக்கு வேறு. கூரை நுனி தரையிலிருந்து எட்டடி உயரத்தில், ஜன்னல் இரண்டடியில் தொடங்கி ஏழடி வரை என்றால், டிசம்பர் நண்பகலில் ஜன்னலின் கீழ்ப்பாதியை ஒட்டி வெயில் உள்ளே விழும். ஏப்ரலில் ஒரு துளி விழாது. காகிதத்தில் இந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து வரைந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் மனை வேறு திசையில் சரிந்தால் இதையே அந்தத் திசைக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடிச் சுவர் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு பெரிய ஜன்னல் போதும், அதையும் கூரைக்கடியில் நன்றாக உள்வாங்கி வையுங்கள். சோலையை ஒட்டிய இடத்தில் கண்ணாடியில் மரம் பிரதிபலிக்க, பறவைகள் வந்து மோதும். மலையேறும் லாரியில் பெரிய கண்ணாடி உடையாமல் வந்து சேர்வது தனிக்கதை. பொதுவாகவே பொருட்களின் அளவைப் பாதையை வைத்துத் தீர்மானியுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, தார்ச்சாலையில் இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாகப் போக வேண்டியிருந்தால் பத்து, பன்னிரண்டு அடிக்கு மேல் நீளமான எதுவும் தொல்லைதான்.

கூரை

சின்ன வீட்டில் யோசனையில் பாதியைக் கூரைக்குக் கொடுக்கலாம். தட்டைக் கான்கிரீட் கூரை இங்கே வேண்டாம். தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், சில வருடத்தில் ஒழுகும், அப்புறம் அதன்மேல் தகரம் போடுவீர்கள். முதலிலேயே சரிவுக்கூரை போடுவது மேல்.

ஓடா, தகரமா? மங்களூர் ஓடு பார்க்கவும் அழகு, மழையில் சத்தமும் இல்லை. ஆனால் குரங்கு வரும் இடத்தில் ஓடு நிலைக்காது. கூட்டமாக ஏறிக் குதித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் போட்டு உடைக்கும். கீழ்மலையில் ஓட்டு வீட்டுக்காரர்கள் தகரத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். வண்ணம் பூசிய தகரத் தகடு எடை குறைவு, ஏற்றுவது எளிது, சட்டமும் மெலிதாகப் போதும். அதற்கும் இரண்டு குறை: மழையில் பேசினால் காது கேட்காது, குளிர்ந்த இரவில் தகட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து. தகட்டுக்குக் கீழே நாலு அங்குலம் காற்றுவெளி விட்டு, அதற்குக் கீழே பலகை மச்சு. காற்றுவெளியின் கீழ்நுனியும் முகடும் திறந்திருக்க வேண்டும், எலியும் வௌவாலும் நுழையாமல் வலையடித்து. காசு இருந்தால் தகட்டின்மேல் ஓடுகளையும் பதிக்கலாம். குரங்கு ஓடுகளை நகர்த்தினாலும் வீடு ஒழுகாது.

சரிவு எவ்வளவு? ஓட்டுக்குக் கிட்டத்தட்ட 30 டிகிரி. ஆசாரி கணக்கில் ஓரடிக்கு ஏழு அங்குல ஏற்றம். தகரத்துக்கு 15 டிகிரி போதும் என்றாலும் இலைகள் தங்காமல் போக 20க்கு மேல் வைப்பேன். சுற்றிலும் இரண்டரை அடி வெளியே நீட்டுங்கள். மழைக்காற்று அடிக்கும் பக்கம் மூன்றடி. நீட்டும் கூரையைக் காற்று தூக்கப் பார்க்கும் என்பதால் கைமரங்களைச் சுவரோடும், சுவரைக் கால்களோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். இடிதாங்கியும் இந்தச் செலவிலேயே சேரட்டும்.

சுவர், தரை, மரம்

கருங்கல் இங்கே தாராளமாகக் கிடைக்கும். கொடைக்கானல் அடங்கிய பழனி மலைத்தொடரின் பெரும்பகுதிப் பாறை சார்னோக்கைட் வகை. கல்கத்தாவோடு பெயர் சேர்ந்துவிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லும் இதே இனம்; பாறையின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். உறுதியான கல், ஈரத்துக்கு அசையாது. கால்களுக்கும் படிக்கட்டுக்கும் வடிகாலுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் கல்லில் கட்டினால் கனமும் கூலியும் ஏறும், உள்ளே ஜில்லென்று இருக்கும்.

கால்மேல் நிற்கும் வீட்டுக்கு எடை குறைந்த சுவரே பொருத்தம். இரும்புச் சட்டமோ மரச்சட்டமோ போட்டு வெளிப்பக்கம் பலகை அல்லது சிமென்ட் நார்த்தகடு. சரிவு மிதமாக இருந்து தொடர் அஸ்திவாரம் போட முடிந்தால் செங்கல் போகலாம். அப்போது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கேளுங்கள்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் முறை. கிட்டத்தட்ட கால்பங்கு செங்கல் மிச்சமாகும், நடுவில் உள்ள காற்று குளிரையும் தடுக்கும். ஆரோவில்லில் வளர்ந்த அழுத்திய மண்கல்லும் நல்ல தேர்வு. ஐந்து சதவீதம் அளவு சிமென்ட் கலந்து அழுத்துவது, சூளை கிடையாது. உங்கள் மண் அதற்கு ஒத்துவருமா என்று சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள். இலைமக்கு நிறைந்த மேல்மண் உதவாது.

பூச்சுக்குச் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பெயின்ட் சுவரின் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், பிறகு கொப்பளமாக உரியும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், பூஞ்சணத்தையும் கொஞ்சம் அடக்கும்.

மரத்துக்கு, பக்கத்துத் தோட்டத்தில் முறைப்படி வெட்டிய சில்வர் ஓக் மச்சுக்கும் அலமாரிக்கும் மலிவாகக் கிடைக்கும். வெளிப்பக்கத்துக்கு அது தாங்காது. தேக்கு வேண்டும், அல்லது இரும்பு. எந்த மரமானாலும் உலர்ந்திருக்க வேண்டும், வண்டு அரிக்காமலிருக்க வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறியிருக்க வேண்டும். பிளைவுட் வாங்கினால் தண்ணீருக்குத் தாங்கும் தரம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை ஒரு மழைக்காலத்தில் அப்பளம்போல உப்பிவிடும்.

இந்த வீடு மாதத்தில் இருபது நாளாவது பூட்டிக் கிடக்கும் என்பதை மறக்காதீர்கள். பூட்டிய மலைவீட்டில் தோல்பையும் பெல்ட்டும் பச்சையாகப் பூத்துவிடும். எனவே ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர்ச் சுவரில், மேலே ஒன்று கீழே ஒன்றாக, மூட முடியாத சிறு காற்றுவழிகள் வையுங்கள். உறுதியான வலையும் சாய்ந்த தடுப்பும் இருந்தால் மழையும் பாம்பும் வராது. அலமாரிக்குக் கதவு வேண்டாம், திறந்த தட்டுகளே போதும். துணியையும் மெத்தையையும் இரும்பு டிரங்குப் பெட்டியில் வேப்பிலையோடு போட்டுவிட்டு வரலாம். நம் பாட்டிமார் பழக்கம்தான்.

தண்ணீர் வருவதும் போவதும்

மேலே சொன்ன வீட்டின் கூரை, நீட்டல்களும் தாழ்வாரமும் சேர்த்து, ஏறத்தாழ 60 சதுர மீட்டர் வரும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் 3,000 லிட்டர். தெறிப்பும் முதல்நீரும் கழித்தால் 2,400 லிட்டர் கைக்கு வரும். இருவர் தலைக்கு 70 லிட்டர் புழங்கினால் 10,000 லிட்டர் தொட்டி எழுபது நாள் தாங்கும். அத்தகைய நாலைந்து மழையில் தொட்டி நிரம்பிவிடும். வந்து போகிறவர்களுக்கு இது போதும், போர்வெல் என்ற பேச்சே எடுக்க வேண்டாம். முதல் மழையில் கூரைத் தூசியும் குரங்கு எச்சமும் வரும் என்பதால் அதை வெளியே விடும் திருப்புக்குழாய் கட்டாயம். குடிப்பதற்குக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை வீட்டுக்கு மேலே வைத்தால் மோட்டார் இல்லாமல் குழாயில் வரும், ஆனால் கூரைத் தண்ணீர் அங்கே ஏறாது. கீழே பெரிய தொட்டி, மேலே 500 லிட்டர் சின்னத் தொட்டி, நடுவில் சிறு பம்பு என்பதே நடைமுறைக்கு ஒத்தது.

பத்து டன் தண்ணீரை வீட்டை ஒட்டிய சரிவில் நிறுத்தக்கூடாது. வெட்டிய கெட்டி மண்ணில், வீட்டுக்குப் பக்கவாட்டில் வையுங்கள்.

கழிவுக்கு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும். சரிவில் உறிஞ்சுகுழி வைத்தால் அதன் தண்ணீர் கீழே எங்கோ மண்ணைப் பிளந்து கசியும். அங்கே கீழ்வீட்டுக்காரரின் ஊற்று இருக்கலாம். ஊற்று, கிணறு, ஓடைக்கு 50 அடிக்குக் குறையாமல் விலகியிருக்கட்டும், வீட்டுக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம். இடமில்லை என்றால் மலம், சிறுநீரைப் பிரிக்கும் உலர்கழிப்பறையைப் பாருங்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் புழங்கும் வகை. சாம்பல் போட வேண்டும், பழக வேண்டும். எல்லோருக்கும் ஒத்துவராது. குளியல், சமையல் தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சுங்கள். மலைவாழைக்குப் பேர்போன ஊரில் நாலு கன்று வைக்காமல் விடலாமா?

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு, செல்போன், சின்ன ஃபிரிட்ஜ், பம்பு இவ்வளவுக்கு ஒரு கிலோவாட் சோலார் வெயில் நாளில் ஏறத்தாழ நாலு யூனிட் தரும், மூடுபனி நாளில் மிகக் குறைவு. பேனலைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து, மரநிழல் படாமல் வையுங்கள். வெந்நீருக்கு விறகு பாய்லர்.

பக்கத்து வீட்டுக்காரர்கள்

காட்டுமாடு, பன்றி, குரங்கு. சில பக்கங்களில் யானை. அவை போகும் வழியை உள்ளூர்க்காரர்கள் விரலால் கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்த வழியில் வேலியும் வேண்டாம், வீடும் வேண்டாம். மனை முழுக்க வேலி போடுவதைவிட வீட்டையும் காய்கறிப் பாத்தியையும் மட்டும் காப்பது மலிவு. சமையலறை ஜன்னலுக்குக் கனமான கம்பிவலை, குப்பைத்தொட்டி வீட்டுக்குள்ளே, பலாவும் வாழையும் கூரையிலிருந்து தள்ளி. வெளிவிளக்கு மஞ்சளாக, தரையைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் எரியட்டும். இல்லாவிட்டால் ஊரில் உள்ள ஈசல் எல்லாம் உங்கள் தாழ்வாரத்தில்தான்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக்காலம். வீட்டைச் சுற்றி முப்பதடிக்குக் காய்ந்த புல்லும் சருகும் இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும், கூரைத் தகரவாரியில் சருகு அடையக்கூடாது. புல்வேய்ந்த கூரை ஆசை இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது

பொங்கல் முடிந்ததும் மண்வேலை. கோடைமழைக்கு முன் வடிகாலும் கால்களும். ஐப்பசிக்கு முன் கூரை ஏறியிருக்க வேண்டும். ஏறாது என்று தெரிந்தால் அந்த வருடம் தொடங்காதீர்கள். வரைபடத்துக்கு ஒரு கட்டடக் கலைஞர், கால்களுக்கும் கூரைப் பிணைப்புக்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர். சின்ன வீடுதானே என்று பின்னவரை விட்டுவிடுகிறார்கள். சரிவில் நிற்பதே அவர் கணக்கில்தான். கொத்தனாரும் ஆசாரியும் மலைக்காரர்களாக இருக்கட்டும். கீழேயிருந்து அழைத்துப்போகும் மேஸ்திரி சமவெளி வீட்டைத்தான் கட்டுவார், திறமையில் குறை இல்லாவிட்டாலும். எதற்கு எவ்வளவு கூலி, சுமைகூலி யார் தருவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கூரை ஏறிய பிறகு உள்பூச்சையும் பலகை வேலையையும் ஒரு மழைக்காலம் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள். அந்த மழையில் டார்ச்சோடு போய், கூரைத் தகட்டின் மூட்டுகள், ஜன்னல் நிலையின் கீழ்மூலைகள், கால்களைச் சுற்றியுள்ள மண், வடிகாலின் இரண்டு நுனிகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு தேதி எழுதி வையுங்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தர வேண்டிய கடைசித் தவணையை அந்த வட்டங்களெல்லாம் சரியான பிறகு கொடுத்தால் போதும்; இதையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.